கண்ணாடித் தொட்டியில் நாற்பத்தைந்து நிமிடம்

கோத்தகிரிக் கடைவீதியைத் தாண்டும்போது பெட்டியை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினேன். ஊட்டியை விட்டுக் கிளம்பி அது இரண்டாவது நாள். முந்தின நாள் ஒரு உருளைக்கிழங்குக் கொட்டகையில் சாக்குகளுக்கு நடுவே படுத்துக்கொண்டேன். காலையில் அங்கே வேலைக்கு வந்தவர்கள் என்னை விரட்டவில்லை. வெந்த கிழங்கு இரண்டு கொடுத்து, எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். கீழே என்றேன். மலையை விட்டுப் போகிறவனுக்கு அதைவிடச் சரியான பதில் கிடையாது.

பெட்டிக்குள் வைக்கோல் சுற்றிய மூன்று கண்ணாடித் தொட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் உயரம், முன்னுக்குப் பின் நாலு விரல். பைக்காராவிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் வருவதற்கு முன்னால் துரைமார் பங்களாக்களில் சொந்தமாக எஞ்சின் ஓட்டி, பேட்டரியில் மின்சாரம் சேர்த்து வைத்து விளக்கெரிப்பார்கள். கம்பி வந்த பிறகு அந்தப் பேட்டரிகளைத் தூக்கி வெளியே போட்டார்கள். ஒரு பங்களாவின் எஞ்சின் அறையை நான் காலி செய்து கொடுத்தேன். ஈயத் தகடுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், கண்ணாடித் தொட்டிகளை நான் எடுத்துக்கொண்டேன். அமிலம் போக ஒரு வாரம் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தேன். கைத்தோல் உரிந்தது. தொட்டி பளிங்கு மாதிரி ஆனது.

அப்போதெல்லாம் ஸ்டுடியோக்களில் கண்ணாடித் தகட்டின் காலம் போய், உள்ளங்கை அகலத்துக்கு மேலிருக்கும் ஷீட் பிலிம் வந்துகொண்டிருந்தது. பழைய ஆட்கள் அதையும் பழைய மாதிரியே தட்டில் போட்டு, மருந்தை ஊற்றி, சிவப்பு விளக்கில் பார்த்துப் பார்த்துக் கழுவினார்கள். புது பிலிமுக்குச் சிவப்பு விளக்கும் ஆகாது. கும்மிருட்டில் சட்டத்தில் மாட்டி, தொட்டியில் செங்குத்தாகத் தொங்கவிட்டு, கடிகாரத்தை நம்பி எடுக்க வேண்டும். கடையில் விற்கும் உலோகச் சட்டம் வாங்க எனக்கு வக்கில்லை. மூங்கிலைச் சீவி, காடி வெட்டி, மெழுகில் கொதிக்கவைத்துப் பன்னிரண்டு சட்டம் செய்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஓடியவன் செய்த சட்டம். பிலிம் ஒருநாளும் அதிலிருந்து நழுவியதில்லை.

ஊட்டி ஸ்டுடியோவை விட்டு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் தொழில் பழகியது மதுரைப் பக்கத்தில். அங்கே எங்களுக்கு ஒரே எதிரி வெயில். மருந்து சூடானால் பிலிமின் பூச்சு பாயசம் மாதிரி வழிந்துவிடும். அதனால் மருந்துப் பாட்டிலை ஈரமணலில் புதைத்துக் குளிரவைத்த பிறகே வேலையைத் தொடங்குவோம். சாமி கும்பிட்டுக் கடை திறப்பது போல அது கைக்குப் பழகிவிட்டது. ஊட்டியில் ஒரு துரைசாணியின் கல்யாணப் படம் ஆறு பிலிம் வந்தது. மார்கழிக் குளிர். நான் என்ன செய்தேன்? பாட்டிலை ஈரமணலில் புதைத்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை செய்தது. வழக்கம்போல எட்டு நிமிடம் வைத்து எடுத்தேன். ஆறும் ஆவி மாதிரி வந்தன. முகம் இருக்கிற இடத்தில் கண்ணாடி மாதிரி வெறும் பிலிம்.

முதலாளி பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தொட்டியில ஊறப்போட்டு எடுக்க இதென்னப்பா, புளியா? போ, போய் ரசம் வையி போ" என்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். தப்பு என்னுடையது, தொட்டியுடையது அல்ல. அதை விளக்கிக்கொண்டு நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டியைக் கட்டினேன். கெட்டுப்போன ஆறில் ஒன்றை மட்டும் காகிதத்தில் மடித்து என் துணிமூட்டைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது தெரியாது.

அரவேணுவில் டீக்கடை வாசலில் பெட்டியை இறக்கினேன். பெஞ்சில் காக்கிக் கால்சட்டையும் கம்பளிக் கோட்டும் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். கீழே இருந்த எஸ்டேட் பேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் என்று பிறகு தெரிந்தது.

"ஏனுங்க, பெட்டியில என்னங்க? நீங்க எறக்கறதப் பாத்தா முட்டையாட்ட இருக்குது."

"கண்ணாடித் தொட்டிங்க."

"மீன் வளக்கறதுக்குங்களா?"

"போட்டோ கழுவறதுக்கு."

"போட்டோவைக் கழுவுனா அழிஞ்சுல்ல போகும்?"

"கழுவுனாத்தாங்க தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். "எந்திரிங்க" என்றார். "டீயைக் குடிச்சுட்டு எந்திரிங்க. எங்க வாத்தியாரு மூணு நாளா சோறு தண்ணியில்லாம உக்காந்திருக்காரு. நாளைக்குக் காலையில அவருக்குத் தீர்ப்பு."

போகிற வழியில் விஷயத்தைச் சொன்னார். எஸ்டேட்டில் மிஷன் நடத்தும் ஒரு பள்ளிக்கூடம். ஒற்றை வாத்தியார். இலை பறிக்கும் ஆட்களின் பிள்ளைகளே மாணவர்கள். எஸ்டேட் மானேஜரான பெரியதுரைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின்மேல் பிரியமில்லை. பிள்ளைகள் செடியில் பூச்சி பொறுக்கினால் அவருக்கு லாபம். பழைய ஆட்கள் தவணை முடிந்து மொத்தமாகச் சமவெளிக்குப் போன மறுவாரம், மிஷனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பெஞ்சுகள் காலி, எப்போதுமே காலியாகத்தான் இருந்தன, வாத்தியார் இல்லாத பிள்ளைகளின் பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதி ஏமாற்றுகிறார் என்று. மறுநாள் காலை மிஷன் இன்ஸ்பெக்டர் வருகிறார். பதிவேடு பொய் என்று அவர் முடிவு செய்தால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு, வாத்தியாருக்கு வேலையும் போகும், பெயரும் போகும்.

"பிள்ளைக இருந்ததுக்குச் சாட்சி இருக்குதுங்க" என்றார் டீ மேக்கர். "பொட்டிக்குள்ளார பூட்டிக் கெடக்குது. தெறந்தாப் போயிருமாம்."

வாத்தியார் வீடு பள்ளிக்கூடத்தை ஒட்டியே இருந்தது. தகரக் கூரை, இரண்டு அறை, பின்னால் கல் பாவிய குளியலறை. அவர் என்னைவிட மெலிந்திருந்தார். மேசைமேல் ஒரு பழைய கேமராவும், பிலிம் வைக்கும் தட்டையான மரச் சிலைடுகள் மூன்றும் இருந்தன. சீமைக்குத் திரும்பிய ஒரு பாதிரியார் விட்டுப்போனவை. ஆட்கள் கிளம்புவதற்கு முந்தின நாள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்து வாசலில் வரிசையாக நிறுத்தி மூன்று படம் எடுத்திருந்தார். ஒரு காரியம் செய்திருந்தார் பாருங்கள், அதைக் கேட்டதும் எனக்கு அந்த மனிதர்மேல் மதிப்பு வந்தது. ஒவ்வொரு பிள்ளையையும் தன் சிலேட்டில் தன் கையால் தன் பெயரை எழுதச் சொல்லி, அதை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லியிருந்தார்.

"பதிவேட்டுல இருக்கற பேரு, சிலேட்டுல இருக்கோணும்" என்றார். "அந்தப் பேருக்கு மேல ஒரு மூஞ்சி இருக்கோணும். அவ்வளவுதாங்க எனக்கு வேணும்."

அவ்வளவுதான் என்றார். இந்தத் தொழிலில் அதைவிடக் கடினமாக ஒன்றைக் கேட்க முடியாது. பிள்ளைகள் கூரை நிழலில் நின்றிருக்கிறார்கள். மாநிறத்து முகங்கள், நிழலில். கீழே சாக்பீஸ் எழுத்து வெள்ளை வெளேரென்று. முகத்தை வரவைக்கப் போனால் எழுத்து ஊதிப்போகும். எழுத்தைக் காப்பாற்றப் போனால் முகம் வராது.

"கழுவித் தர முடியுங்களா?" என்றார்.

"முடியும்" என்றேன். ஊட்டியில் ஆறு பிலிமைக் கெடுத்துவிட்டு வந்தேன் என்பதையும் சொன்னேன். மறைத்து வேலை வாங்குவது எனக்கு ஆகாது. அவர் டீ மேக்கரைப் பார்த்தார். உள்ளேயிருந்து வாத்தியார் மனைவியின் குரல் வந்தது.

"கெடுத்தவருக்குத்தான் எங்க கெடும்னு தெரியும். வேற யாரு வரப்போறாங்க இன்னிக்கு? உள்ள கூப்புடுங்க."

குளியலறைதான் இருட்டறை. அதற்கு ஜன்னல் இல்லை. கதவிடுக்கில் எஸ்டேட் கம்பளி இரண்டைத் தொங்கவிட்டு, கூரை இடைவெளியில் சாக்கை அடைத்தேன். தொட்டிகளை வரிசையாக வைத்தேன். இடப்பக்கம் படத்தை வரவைக்கும் மருந்து, நடுவில் தண்ணீர், வலப்பக்கம் வந்த படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ. இருட்டில் கை எண்ணுவதற்கு அந்த வரிசைதான் கணக்கு. மருந்துத் தூள்கள் என் மூட்டையில் பொட்டலங்களாக இருந்தன. ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கரைத்தேன்.

இந்த முறை குளிருக்கு ஏமாறக் கூடாது என்று, "சூடு பாக்க ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டேன். வாத்தியார் ஓடிப்போய்க் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்தார்.

"இது காய்ச்சக்காரனுக்குங்க. தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ இதுக்குத் தெரியாது. எனக்கு வேண்டியது அறுபத்தெட்டு டிகிரி."

"அறுபத்தெட்டா?" டீ மேக்கர் நிமிர்ந்தார். "பேக்டரியில இலை புளிக்கவெக்கற ரூம்புல என்ற தெர்மாமீட்டரு இருக்குது. சுவத்துல தொங்குது. எடுத்துட்டு வந்தா துரை தொலைச்சுப்போடுவான்." கொஞ்சம் யோசித்தார். "ஒரு மத்தியானத்துக்கு எலைக்குக் கண்ணு தெரியாமப் போகட்டும். ஆனா தெர்மாமீட்டரு எங்க இருக்குதோ அங்கதான் நானும் இருப்பேன்."

போய்க் கோட்டுக்குள் மறைத்து எடுத்துவந்து, குளியலறைக் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவரிடம் கைக்கடிகாரமும் இருந்தது. நிமிடம் சொல்லும் வேலையை அவரிடம் கொடுத்தேன்.

மருந்துத் தொட்டியைச் சுற்றி வெந்நீர் நிற்க ஒரு பெரிய பாத்திரம் தேவைப்பட்டது. வாத்தியார் மனைவி அண்டாவைக் கொண்டுவந்து வைத்து, பிடியை விடாமல் நின்றார்.

"மருந்துத் தண்ணி என்ற அண்டாவுல படுமுங்களா?"

"படாதுங்கம்மா. வெளியில வெந்நீ மட்டுந்தான்."

"பட்டுச்சுன்னா நாளைக்கு இன்ஸ்பெக்டருக்கு அதுலதான் சோறு. பாத்துக்கங்க."

கதவைச் சாத்தினேன். இருட்டில் முதல் சிலைடைத் திறந்ததும் விரலுக்குச் சந்தேகம் வந்தது. பிலிம் வழவழப்பாக இருக்கும். இது சொரசொரத்தது. காகிதம். பிலிம் பெட்டியில் ஒவ்வொரு தாளுக்கும் நடுவே ஒரு கறுப்புக் காகிதம் வரும். பிலிமை மாட்டும்போது அதை எடுத்துப் போட்டுவிட வேண்டும்.

"சாருங்க," என்று உள்ளேயிருந்தே கூப்பிட்டேன். "சிலைடுல பிலிம் போடுறப்பக் கறுப்புக் காகிதத்தை என்ன செஞ்சீங்க?"

"கூடவேதான் போட்டேன். வெளிச்சம் படாம இருக்கறதுக்கு அவங்களே போர்த்தி வெச்சிருக்காங்கன்னு…"

"பிலிமுக்குக் குளிருமேன்னு பாத்திருக்காரு" என்றது மனைவியின் குரல். "பிள்ளைகளுக்கே அப்பிடித்தான். மார்கழி முழுக்க என்ற கம்பளியெல்லாம் பள்ளிக்கூடத்துல."

முதல் சிலைடில் காகிதம் பிலிமுக்கு முன்னால் இருந்தது. படம் விழுந்தது காகிதத்தின்மேல். மற்ற இரண்டிலும் நல்லவேளையாகக் காகிதம் பின்னால் இருந்தது. மூலையில் வெட்டியிருக்கும் அடையாளத்தைக் கட்டைவிரலால் தடவி, பூச்சுப் பக்கம் சரியாக முன்னால் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டேன்.

"ஒண்ணு போச்சுங்க. ரெண்டு இருக்கு" என்றேன்.

வாத்தியார் மூச்சுவிடுவது கதவு தாண்டிக் கேட்டது.

இரண்டையும் ஒன்றாகப் போட்டிருக்கலாம். தொட்டியில் ஆறு சட்டம் தொங்கும். ஆனால் முன்பின் தெரியாத வெளிச்சம், முன்பின் எடுக்காதவர் எடுத்த படம். ஒன்றை மட்டும் மாட்டிவிட்டு, மற்றதைச் சிலைடிலேயே மூடி வைத்தேன். மருந்து அறுபத்தெட்டில் இருந்தது. டீ மேக்கர் "போடுங்க" என்றார். போட்டேன். நிமிடத்துக்கு இரண்டு தடவை சட்டத்தைத் தூக்கிச் சாய்த்து இறக்கினேன். பத்து நிமிடம். தண்ணீர். ஹைப்போ. படித்த பாடத்தில் ஒரு எழுத்துப் பிசகவில்லை.

கம்பளியை விலக்கி, வாசல் வெளிச்சத்தில் பிலிமைப் பிடித்தேன். வாத்தியாரும் மனைவியும் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகத் தெரியும். சிலேட்டு எழுத்தெல்லாம் மை கொட்டிய மாதிரி ஊறிப் பரவியிருந்தது. அதில் எழுத்து என்று ஒன்றையும் படிக்க முடியவில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. உடம்பும் தலையும் நிழலுருவமாக நின்றன.

"பிள்ளைக எங்கீங்க?" என்றார் வாத்தியார்.

அவர் கீழே பார்த்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மனைவி என்னையே பார்த்தார். டீ மேக்கர் தெர்மாமீட்டரைக் கோட்டுத் துணியில் துடைத்தார்.

அப்போதுதான் மூட்டையில் இருந்த அந்தத் துரைசாணி படத்தின் ஞாபகம் வந்தது. எடுத்து அதே வெளிச்சத்தில் பிடித்தேன். முகம் இல்லை, அது தெரிந்த கதை. ஆனால் அவள் போட்டிருந்த வெள்ளைப் பின்னல் துணியைப் பார்த்தேன். ஒவ்வொரு இழையும், இழைக்கு நடுவே இருந்த துளையும் தெரிந்தன. வெள்ளை கொஞ்சங்கூட ஊதவில்லை. ஊட்டியில் ஆறு பிலிமையும் பார்த்த எல்லோரும் முகத்தைத்தான் தேடினோம். துணியை யாரும் பார்க்கவில்லை.

மருந்தில் இரண்டு சரக்கு உண்டு; குளிரில் ஒன்று தூங்கிவிடும், மற்றது மட்டும் மெதுவாக வேலை செய்யும். வெள்ளை இடத்தில் மருந்து சீக்கிரம் களைத்து நின்றுவிடும். நிழல் இடத்தில் களைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்துகொண்டே இருக்கும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். ஊட்டியில் நான் குளிரவைத்தது தப்பில்லை. எட்டு நிமிடத்தில் எடுத்தேனே, அதுதான் தப்பு. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இரண்டு பிலிமையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அந்த வாசலில் நானே கண்டுபிடித்தேன். அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றும் என் முதுகு நிமிர்கிறது.

"அம்மா, அண்டாவை எடுத்துக்கங்க" என்றேன்.

"ஏன், அவ்வளவுதானுங்களா?"

"இல்லீங்க. வெந்நீ வேண்டாம். பச்சைத் தண்ணி வேணும். இருக்கறதுலயே குளிர்ந்தது."

டீ மேக்கர் எழுந்துவிட்டார். "அப்ப என்ற தெர்மாமீட்டரு? துரைக்கிட்ட உசுரைக் கொடுத்து எடுத்துட்டு வந்திருக்கறேன்!"

"குளிர் மாறாம இருக்குதான்னு பாக்கணுமுங்க. அதுக்கும் அதுதான்."

மருந்தில் பாதியை எடுத்துவிட்டு, அந்த அளவுக்கு ஊற்றுத் தண்ணீரை நிரப்பினேன். கல் தரையில் தொட்டியை வைத்துக் காத்திருந்தோம். தெர்மாமீட்டர் இறங்கி ஐம்பத்து நான்கில் நின்றது. கால் மணி கழித்தும் ஐம்பத்து நான்கு. அந்தக் கல் தரை மதுரையில் இருந்தால் நான் ராஜாவாக இருந்திருப்பேன்.

எத்தனை நிமிடம்? அதற்கு எந்தப் புத்தகமும் என்னிடம் இல்லை, இருந்தாலும் படித்திருக்க மாட்டேன். எட்டு நிமிடத்துக்குத் துரைசாணி படம் எவ்வளவு வந்தது என்று பார்த்தேன். மருந்து இப்போது பாதி. நாற்பத்தைந்து என்று தீர்மானித்தேன். கணக்கு பாதி, துணிச்சல் பாதி. பெஞ்சில் இருந்த வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். இருப்பது ஒன்றே ஒன்று, இப்படிச் செய்யப்போகிறேன், இதுவரை இப்படிச் செய்ததில்லை, வேண்டாம் என்றால் மூடிய சிலைடை அப்படியே கொடுத்துவிடுகிறேன்.

அவர் கரும்பலகையைப் பார்த்தார். பிறகு, "மூடி வெச்சுட்டு நாளைக்கு அவருக்கு எதைக் காட்டறது?" என்றார். "தெறங்க."

மறுபடியும் கதவைச் சாத்தினேன். மூங்கில் சட்டத்தில் பிலிமை மாட்டி, தொட்டியில் இறக்கினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு தடவை தூக்கி இறக்குவது, மற்ற நேரம் தொடாமல் இருப்பது. தொடாமல் இருப்பதுதான் பெரிய வேலை. குளிரில் விரல் மரத்துப்போய், சட்டத்தைத் தொடுகிறேனா தொட்டியைத் தொடுகிறேனா என்று தெரியவில்லை. கக்கத்தில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பேன், "அஞ்சு" என்று வெளியே குரல் கேட்டதும் எடுப்பேன்.

இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் பேச்சு வந்தது.

"தூங்கிட்டீங்களா உள்ள?"

"இல்லீங்க."

"எங்க பேக்டரியிலயும் இப்பிடித்தானுங்க. எலை புளிக்கற நேரம் யாருக்கும் பொறுக்காது. எடுக்கலாமா எடுக்கலாமான்னு கேட்டுட்டே இருப்பானுக. எடுத்துட்டா டீ பச்சைத் தண்ணி."

"நீங்க எப்படிங்க தெரிஞ்சுக்குவீங்க?"

"மூக்குதான். தெர்மாமீட்டரு துரைக்காக மாட்டியிருக்கறது."

இதைக் கேட்டு வாத்தியார் மனைவி சிரித்தார். அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும். மலைப்பாதையில் லாரி ஒன்று முனகிக்கொண்டு ஏறி வரும் சத்தமும் கேட்டது. சமவெளியிலிருந்து புது ஆட்களை ஏற்றி வருகிறார்கள் என்று டீ மேக்கர் சொன்னார்.

முப்பத்தைந்தில் எனக்கே கை பரபரத்தது. எடுத்துவிடலாமா என்று இரண்டு முறை சட்டத்தைத் தொட்டேன். தொட்ட கையை எடுத்துக்கொண்டேன்.

"நாப்பத்தஞ்சு" என்றார் டீ மேக்கர். தண்ணீர். ஹைப்போவும் குளிர்ந்து கிடந்ததால் அதில் இன்னொரு இருபது நிமிடம். கதவைத் திறந்தபோது பனி இறங்கி, வீட்டுக்குள் விளக்கேற்றியிருந்தார்கள். பிலிமை மேசை விளக்குக்கு முன்னால் பிடித்தேன்.

வாத்தியார் கிட்டே வரவில்லை. மனைவிதான் வந்தார். மூக்கு பிலிமில் முட்டுகிற மாதிரி குனிந்து பார்த்தார். நெகட்டிவில் முகம் தலைகீழ் நிறத்தில்தான் தெரியும், பழகாதவர்களுக்கு அடையாளம் புரியாது. ஆனால் அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொடாமல் காட்டிக்கொண்டே போனார்.

"இது பல்லு விழுந்தவ. இது அவ தம்பி. இவன் காலையில வந்தவுடனே சோறு கேக்கறவன். இவ…" நிறுத்திவிட்டுக் கணவனைக் கூப்பிட்டார். "ஏனுங்க, இங்க வாங்க. அத்தனை பேரும் இருக்கறாங்க."

சிலேட்டில் சாக்பீஸின் நெளிவு வரை தெரிந்தது. ஒரு பிள்ளை ஒரு எழுத்தை அழித்துவிட்டு மறுபடி எழுதியிருந்த தடம்கூடத் தெரிந்தது. வாத்தியார் பதிவேட்டை எடுத்துவந்து, விளக்கடியில் ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்துக்கொண்டே போனார். நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீ மேக்கர் தெர்மாமீட்டரைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு, "எலை என்னாச்சுன்னு பாக்கறேன்" என்று கிளம்பிவிட்டார். வாசல் தாண்டும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைக்கலாமே என்றார் வாத்தியார். பாயசமாகிவிடும் என்று சொல்லி, சமையலறையின் தூரத்து மூலையில் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். பனியில் காய விடியும்வரை ஆனது. என்னிடம் பகல் வெளிச்சத்தில் தானே கறுக்கும் பழைய ரகக் காகிதம் சில தாள்கள் இருந்தன. காலையில் வெயில் சரியாக இல்லை. முன்னும் பின்னும் நடந்து, பனி விலகும் இடமாகப் பார்த்து, நெகட்டிவையும் காகிதத்தையும் சேர்த்து அழுத்திய கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்து, ஒன்றரை மணி நேரத்தில் ஒரு படம் போட்டு, ஹைப்போவில் நிறுத்தி எடுத்தேன். ஈரம் சொட்டச் சொட்ட மேசைமேல் வைத்தபோது வாசலில் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார்.

பருத்த உடம்பு, பஸ் ஏறி வந்த களைப்பு. தமிழர்தான். முதலில் காலி பெஞ்சுகளைப் பார்த்தார், பிறகு வாத்தியாரை. வாத்தியார் படத்தையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் என் பூதக் கண்ணாடியைக் கொடுத்தேன்.

அவர் அவசரப்படவில்லை. ஒரு சிலேட்டு, ஒரு பெயர், ஒரு முகம் என்று விரல் நகர்ந்தது. கடைசி வரிசையில் ஒரு இடத்தில் நின்றது.

"இது என்ன பேரு? இதைப் படிக்க முடியலையே."

வாத்தியார் குனிந்து பார்த்தார். "அது பேரு இல்லீங்க, கோழி. அவன் சேந்தே நாலு நாளுதான் ஆச்சு. எழுத்து வரல. எல்லாரும் எழுதறாங்களேன்னு அழுதான், தெரிஞ்சதைப் போடுடான்னேன்."

இன்ஸ்பெக்டர் பதிவேட்டைப் புரட்டினார். நான்கு நாள் வருகை போட்ட ஒரே பெயர் கடைசியில் இருந்தது. பூதக் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"பொய்ப் பதிவேடு எழுதறவன் கோழியைச் சேக்க மாட்டான்" என்றார். "நான் எழுதிக்கறேன். இந்தப் படம் எனக்கு வேணும், மிஷனுக்கு அனுப்பணும். யார் கழுவினது இதை?"

வாத்தியார் என்னைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் என் கந்தல் சட்டையையும் மருந்தில் கறுத்த நகங்களையும் பார்த்தார். "பெரிய ஸ்டுடியோ ஆளுக இப்பிடிச் செஞ்சு நான் பாத்ததில்லை" என்றார். நான் தலையை ஆட்டினேன். அது உண்மை என்று எனக்குத் தெரியும்.

பிறகு அவர் குரல் மாறியது. பழைய பதிவேடு மெய் என்பது சரி, ஆனால் புது ஆட்கள் வந்திருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் பெஞ்சில் இல்லாவிட்டால் பெரியதுரை அடுத்த கடிதம் எழுதுவார். இன்றைக்கே மேஸ்திரி பிள்ளைகளைப் பூச்சி பொறுக்க ஓட்டிக்கொண்டு போய்விடுவான். ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு வரிசை வரிசையாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவர ஒரு ஆள் வைத்துக்கொள்ள மிஷன் அனுமதிக்கும். யார் இருக்கிறார்கள்?

வாத்தியார் யோசித்தார். அவர் மனைவி யோசிக்கவில்லை.

"இவரு ஊட்டியிலிருந்து மூணு கண்ணாடியை உடையாம நடந்தே தூக்கிட்டு வந்திருக்காரு" என்றார். "பிள்ளைகளையும் உடையாமக் கொண்டாந்து சேத்துருவாரு."

எனக்கு ஒரு இடத்தில் தங்கிப் பழக்கமில்லை என்று சொன்னேன். இந்த வேலையில் தங்க வேண்டியதில்லை, தினம் நடக்க வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். ஒத்துக்கொண்டேன். தொட்டிகளைக் குளியலறை மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வாத்தியார் கொடுத்த சிலேட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சரிவில் இறங்கினேன். முந்தின நாள் வந்து இறங்கிய புது ஆட்களுக்கு அன்று மட்டும் வேலை தாமதமாகத்தான் தொடக்கம்; லைன் வீடுகளில் அப்போதுதான் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. மேஸ்திரி இன்னும் விசில் ஊதவில்லை. முதல் வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன்.